திருப்பிக் கேட்க முடியாத மாப்பேணி

அலுமாரியின் மேல்தட்டில் விரித்திருந்த பழைய பேப்பரில் ஒரு வட்டம் இருந்தது. வட்டத்துக்கு வெளியே பேப்பர் புகை பிடித்து மஞ்சளாகியிருந்தது. உள்ளே வெள்ளையாக இருந்தது. அந்த இடத்தில் இருந்த பேணியைத்தான் காணவில்லை.

பாலன் பிறக்கிற நத்தாருக்கு இன்னும் இரண்டு நாள். காலை ஏழு மணி இருக்கும். அடுப்பில் தேத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நாலைந்து நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஸ்டூலில் ஏறி நின்று அந்த வட்டத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத பேணி கைக்காவது அகப்படும் என்று நினைத்தேனோ என்னவோ.

அது பெரிய தகரப் பிஸ்கட் பேணி. மூடியில் இரண்டு வெள்ளைக் குதிரைகள் வண்டி இழுக்கும் படம். உள்ளே வறுத்த சிவப்பரிசி மா. மாவுக்கு நடுவில், பொலித்தீன் பையில் சுற்றியபடி, என் தாலிக்கொடி.

போன கிழமை என் பள்ளிக்கூட நாட்களைப் பற்றி எழுதத் தொடங்கிப் பாதியில் விட்டிருந்தேன். அதை முடிக்கத்தான் கொப்பியை எடுத்தேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இந்த வருட நத்தாருக்கு வீட்டுக்கு வீடு நட்சத்திரக் கூடு கட்டத் தொடங்கிவிட்டார்கள். கூட்டைக் கண்டால் எனக்கு அந்த வட்டம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆகவே பள்ளிக்கூடம் கொஞ்சம் பொறுக்கட்டும்.

வங்கி வாசல்

மாவுக்குள் ஏன் கொடி என்று நீங்கள் கேட்பீர்கள். மலரும் அதைத்தான் கேட்டாள். மலர் யார் என்று பிறகு சொல்கிறேன்.

கொடியை நான் பெருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும்தான் போடுவேன். களவு கூடிய காலம் அது. கொடியை வங்கியில் வைக்கச் சொல்லி இவர் சொன்னார். நான் மூன்று தரம் போனேன். இரண்டு தரம் வாசலோடு திரும்பினேன். மூன்றாம் தரம் கண்ணாடிக் கதவைத் திறந்தும் விட்டேன். உள்ளே வரிசை. எல்லார் கையிலும் படிவம். படிவம் நிரப்புவதென்றால் எனக்குப் பரீட்சை மண்டபத்தில் இருப்பது போல வேர்க்கும். காவலாளி, "என்னம்மா வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"ஒண்டுமில்லை. சும்மா," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அன்று பின்னேரம் வலை தைத்துக்கொண்டிருந்த இவர் தலை நிமிராமல் கேட்டார்: "வைச்சிட்டீரோ?"

"ஓம்."

அந்த ஒரு சொல் ஒரு வருடம் எங்கள் வீட்டில் இருந்தது, மாவுக்குள் கொடி இருந்த மாதிரி. மா முடிய முடிய நான் புது மா போட்டுக்கொண்டிருந்தேன். இடம்பெயர்ந்த காலத்தில் அம்மா தன் தோட்டை மாவுக்குள்தான் கொண்டுபோனா. எனக்கும் வேறு இடம் தெரியவில்லை.

மூன்று சட்டங்கள்

பேணி எப்படிப் போனது என்று சொல்ல, எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவள் ஜெசிந்தா, அப்போது பதின்மூன்று வயது. இளையவள் பிளசி, எட்டு. சாமான் வாங்க எல்லாரும் வரிசையில் நின்ற காலம். எங்கள் வீட்டிலோ, நத்தார் கிட்டக் கிட்ட ‘எனக்கு என்ன, எனக்கு என்ன’ என்ற கதை மட்டும்தான். இது சரிவராது என்று நானும் இவரும் யோசித்து, நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்துச் சனிக்கிழமைகளில் ஒரு வேலை வைத்தோம். வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு சாமானை எடுத்து, பேப்பரில் சுற்றி, பழைய கலண்டரில் வெட்டிய நட்சத்திரம் ஒன்றை ஒட்டி, தேவைப்படுகிற ஒரு வீட்டு வாசலில் பொழுது படமுன் வைத்துவிட்டு, கதவில் தட்டிப்போட்டு ஓடி வரவேண்டும்.

சட்டம் மூன்று. மிஞ்சினதைக் குடுக்கக்கூடாது, விருப்பமானதைக் குடுக்கவேண்டும். ஆருக்கு என்று சொல்லக்கூடாது. குடுக்கிற ஆளை வாங்குகிற ஆள் காணக்கூடாது. மூன்றாவது சட்டம் நான் போட்டது.

பிள்ளைகளுக்கு ஓடுகிறதுதான் பெரிய சந்தோசம். இவருக்கும்தான். முதல் சனிக்கிழமை உயிர் நண்டு நாலைப் பையில் போட்டு ஒரு ரீச்சர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடி வந்தார். தட்டின சத்தம் ரீச்சருக்குக் கேட்கவில்லை. நண்டு பையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. ரீச்சர் போட்ட கூச்சல் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. "சட்டத்திலை கால் கட்டவேணும் எண்டு இல்லையே," என்றார் இவர்.

அப்படிச் சிரித்துக்கொண்டு போன காரியம்தான்.

அன்று காலை ஸ்டூலால் இறங்கி வெளியே வந்து கேட்டேன்: "பிளசி, மேல்தட்டிலை இருந்த மாப்பேணி எங்கை?"

கிணற்றடியில் பல் தீட்டிக்கொண்டு நின்றவள் வாய் நிறைய நுரையோடு சொன்னாள்: "குடுத்தாச்சு."

"ஆருக்கு?"

துப்பிவிட்டு வந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஆருக்கெண்டு சொல்லக்கூடாதம்மா. நீங்கள்தானே சட்டம் போட்டனீங்கள்."

"அம்மாவுக்குச் சொல்லலாம்."

"அம்மாவுக்குச் சொல்லலாமெண்டு சட்டத்திலை இல்லை."

"ஏனடி அந்தப் பேணியை எடுத்தனீ?"

"விருப்பமான சாமானைத்தானே குடுக்கச் சொன்னனீங்கள்? அந்தப் பேணியை நீங்கள் ஒருத்தரையும் தொடவிடுறேல்லை. அக்கா தூசு துடைக்கப் போனாலும் கத்துவீங்கள். அப்ப இந்த வீட்டிலை அதுதானே விருப்பமான சாமான்?"

நான் கிணற்றடி வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தேன். அவள் விடவில்லை. "ஏனம்மா? திருப்பி வாங்கப் போறீங்களோ?"

"இல்லை. சும்மா கேட்டனான்."

சமையலறைக்கு வந்து தேத்தண்ணீரை இறக்கி வைத்துவிட்டு, திரும்பவும் ஸ்டூலில் ஏறி அந்த வட்டத்தைப் பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு மூத்தவள் ஜெசிந்தா பின்னால் வந்து நின்றாள். "கனமெண்டு நான்தானம்மா மற்றப் பக்கம் பிடிச்சனான்," என்றாள் மெதுவாக. "பின் ஒழுங்கை, மலர் அன்ரி வீடு. போன சனிக்கிழமை. ஏனம்மா, பிழையோ?"

"பிழையில்லை," என்றேன். "நீ பிளசியைப் பாத்துக்கொள்."

மலரின் குடும்பம் பருத்தித்துறைப் பக்கமிருந்து வந்து இரண்டு மாதம். புருசன் வள்ளம் இழுக்கையில் விழுந்து, இடுப்பு முறிந்து படுக்கையில். மலர் றால் உடைக்கிற இடத்துக்குக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளைகள் இரண்டு. தண்ணீர்க் குழாயடியில் இரண்டு தரம் கண்டு சிரித்திருக்கிறேன். அவ்வளவுதான் பழக்கம்.

கொடிகாமத்துச் சட்டி

போய்க் கேட்டால் என்ன என்று நினைப்பீர்கள். குடுத்ததைத் திருப்பிக் கேட்பதென்றால் எனக்கு ஒரு சட்டி ஞாபகம் வரும்.

சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே எழும்பி நடந்த அந்த வருடம் எனக்குப் பத்துப் பதினொரு வயது. கொடிகாமத்தில் ஒரு தோட்டக்கார வீட்டு வெங்காயக் கொட்டிலில் நாங்கள் இருந்தோம். சைவக் குடும்பம். நத்தார் வந்தபோது அந்த வீட்டு அம்மா பிள்ளையார் கதை விரதம், ஒரு நேரச் சாப்பாடு. அப்படி இருந்தும் எங்கள் நாளை மறக்காமல், ஒரு பெரிய அலுமினியச் சட்டி நிறையச் சோறும் கத்தரிக்காய்க் கறியும் கொண்டுவந்தா. "உங்கடை பெருநாளெல்லோ," என்றா. அந்தக் கறியின் வாசம் வெங்காய வாசத்தோடு கலந்து இப்பவும் என் மூக்கில் இருக்கிறது.

எங்கள் ஆட்கள் சாப்பாடு வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் குடுப்பதில்லை. ஒரு பிடி சீனியாவது, இரண்டு முருங்கைக்காயாவது போட்டுத்தான் குடுப்பது. அம்மாவிடம் போட ஒன்றும் இல்லை. ஏதாவது கிடைக்கும் என்று சட்டியை இரண்டு நாள் வைத்திருந்தா. மூன்றாம் நாள் அந்த வீட்டு அம்மா கொட்டில் வாசலில் வந்து நின்றா. "பிள்ளை, அந்தச் சட்டியைத் தாறியளே? நாளைக்கு விரதம் முடியுது, பொங்கவேணும்."

வேறு எந்த நினைப்பும் இல்லாமல்தான் கேட்டா. எங்கள் அம்மாவோ, ஏற்கெனவே கழுவின சட்டியைத் திரும்பவும் கொண்டுபோய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்தா. தேய்த்தா, தேய்த்தா, தேய்த்துக்கொண்டே இருந்தா. பிறகு இரண்டு கையாலும் குடுத்து, "வெறுஞ்சட்டி தாறன். குறை நினையாதேங்கோ," என்றா. அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை.

மூன்றாவது சட்டம் அந்தச் சட்டியில் இருந்து வந்தது. ஆர் குடுத்தது என்று தெரியாவிட்டால் ஒருவரும் ஒரு சட்டியையும் சாம்பல் போட்டுத் தேய்க்கத் தேவையில்லை.

இப்போது நானே ஒரு வாசலில் போய் நின்று பேணியைத் தா என்று கேட்கவேண்டும். கேட்காவிட்டால் கொடி இல்லை. இவர் கரையோரக் களக்கடலில் மீன் தொழிலுக்குப் போயிருந்தார். மத்தியானம் கரைக்கு வந்துவிடுவார். நல்ல மனிசன்தான், ஆனால் சத்தக்காரர். விசயம் தெரிந்தால் பின் ஒழுங்கை முகப்பில் நின்றே, "எங்கடை கொடி கிடக்கோ?" என்று கேட்பார். முதல் வீட்டில் இருந்து கடைசி வீடு வரை ஆட்கள் வெளியே வருவார்கள். மலர் அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் எப்படி நடப்பாள்?

மத்தியானத்துக்கு முன் நான்தான் போகவேண்டும்.

போய்ப் போய் வாற அன்ரி

மழை விட்டிருந்தது. வாடைக்காற்று முகத்தில் குத்தியது. ஒழுங்கை முழுக்கச் சேற்றுத் தண்ணீர். ஒரு வீட்டில் நட்சத்திரக் கூடு நனைந்து ஒரு பக்கம் சரிந்து தொங்கியது.

மலர் வீட்டைத் தாண்டிப் போனேன். திரும்பி வந்தேன். பிறகும் தாண்டிப் போனேன்.

"அம்மா, ஒரு அன்ரி போய்ப் போய் வாறா," என்று உள்ளே ஒரு சின்னக் குரல் கேட்டது.

மலர் வாசலுக்கு வந்தாள். கதவு நிலையில் இரண்டு கையையும் வைத்து, வழியை மறித்தபடி நின்றாள். கண் இரண்டும் குழி விழுந்திருந்தன.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. சும்மா."

வங்கிக் காவலாளிக்குச் சொன்ன அதே சொல். திரும்பி நடக்கக் கால் எழும்பிவிட்டது. அப்போதுதான் அவளின் தோளுக்கு மேலால் பார்த்தேன். உள்ளே மேசையில் பேணி இருந்தது. வெள்ளைக் குதிரைகள். மூடியைச் சுற்றி ஒரு செபமாலை. கீழே பிள்ளைகள் இரண்டும் கடையில் வாங்கின வெறும் பாண் துண்டைச் சம்பலில் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

ஒரு பேணி மா இருக்க ஏன் பாண்? கொடியைக் கண்டுவிட்டாள், ஒளிக்கிறாள், அதுதான் வழியை மறிக்கிறாள் என்று நினைத்தேன். ஒரு நிமிசம்தான். ஆனால் நினைத்தேன். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கதையை எழுதுவதில் நேர்மை இல்லை.

மலர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தாள். "அக்கா, உள்ளுக்கு வாங்கோ. உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும். நீங்கள் கதை காவுற ஆள் இல்லையெண்டு குழாயடியிலை எல்லாரும் சொல்லுறவை."

வாய் திறக்காதவள் என்று வாழ்நாள் முழுக்க ஏச்சுக் கேட்டிருக்கிறேன். அதற்காக ஒருவர் என்னைத் தேடியது அன்றைக்குத்தான். கதவைச் சாத்திவிட்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"சனிக்கிழமை பின்னேரம் ஆரோ கதவிலை தட்டிக் கேட்டுது. வந்து பாத்தால், பேப்பரிலை சுத்தி, கலண்டர் நட்சத்திரம் ஒட்டி உந்தப் பேணி. பிள்ளையள் பிட்டு, பிட்டு எண்டு துள்ளுதுகள். ஒரு பிடி எடுத்தன், கையிலை பை தட்டுப்பட்டுது. பிரிச்சால் கொடி, அக்கா. தாலியோடை."

"பாதரிட்டைக் குடு எண்டு சொல்லுறன், கேக்கிறாளில்லை," என்றார் கட்டிலில் கிடந்த புருசன்.

"நீங்கள் சும்மா கிடவுங்கோ. பாதர் பூசையிலை அறிவிச்சால் ஊர் என்ன சொல்லும்? கொடியைக் குடுத்தவள் வேறை என்னத்தை எடுத்தாளோ எண்டுதான் சொல்லும். நாங்கள் வந்து ரெண்டு மாசம். ஆர் எங்களை நம்புவினம்?" என்னைப் பார்த்தாள். "நாலு நாள் அக்கா. வீட்டை விட்டிட்டுப் போகப் பயத்திலை வேலைக்கும் போகேல்லை. அந்த மாவிலை ஒரு பிட்டு அவிக்க மனம் வருகுதில்லை. தாலியைத் துலைச்சவள் இப்ப என்ன பாடு படுவாளெண்டு நினைக்கச் சோறு இறங்கேல்லை. ஆற்றையெண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமே?"

சொன்னால், குடுத்தவளும் வாங்கினவளும் நேருக்கு நேர். சொல்லாவிட்டால் இவளுக்கு ஐந்தாம் நாள்.

"என்ரை," என்றேன்.

"என்னக்கா?"

"அது என்ரை, மலர்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப சொல்லுங்கோ. தாலியிலை என்ன கிடக்கு?"

"புறா. இடப்பக்கச் செட்டை கொஞ்சம் வளைஞ்சிருக்கும். கொழுக்கி இறுக்கமில்லை, சிவத்த நூல் சுத்திக் கிடக்கு."

"எத்தினை சுத்து?"

"மூண்டு... இல்லை, நாலு. தெரியாது மலர். சத்தியமாய்த் தெரியாது."

மாதா படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பையை எடுத்தாள். யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, வளைந்த செட்டையைத் தடவிப் பார்த்து, நூலை எண்ணினாள். "அஞ்சு," என்றாள். பிறகு நிலத்தில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை நடுவில் சிரிப்பாக மாறியது.

"மாவுக்குள்ளை ஆரும் கொடி வைப்பினமே அக்கா? உங்களுக்கு விசரே? நாலு நாளாய் என்னை உயிரோடை கொண்டுபோட்டியள்!"

"நல்லகாலம், தேங்காய்ப்பூவும் போட்டு அவிக்கேல்லை," என்றார் கட்டிலில் இருந்து அவர். எனக்கும் சிரிப்பு வந்தது. கொடியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மலர் பேணியைத் தூக்கி என் பக்கம் வைத்தாள். "இதையும் கொண்டுபோங்கோ. எடுத்த பிடியையும் திருப்பிக் கொட்டிப்போட்டன். ஒண்டும் குறையேல்லை."

"மா உங்கடை," என்றேன். அன்றைக்குப் போல நான் ஒருநாளும் கதைத்ததில்லை. "மாவை என்ரை சின்னவள் தந்தவள். கொடி கிடக்கிறது அவளுக்குத் தெரியாது. அவள் குடுத்ததை நான் தூக்கிக்கொண்டு போனால், பிறகு அந்தப் பிள்ளை என்னத்தைக் குடுக்கும்?"

மலர் பேணி மூடியில் இருந்த குதிரைகளை விரலால் தடவினாள். "அப்ப பேணி பிறகு வரும்."

"பேணியும் வேண்டாம் மலர்."

"அதெப்பிடி? ஏனத்தைத் திருப்பிக் குடுக்கிறதுதானே முறை."

அவள் குரலில் ஏதோ ஒரு இறுக்கம். நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இவரின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை. கொடி இடுப்பில் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் வேறு பயம் வந்து இருந்துவிட்டது. அவள் மாவைத் தொடாமல் அப்படியே அனுப்பிவிட்டால்? வெறும் பேணியைத் தேய்த்து மினுக்கி அனுப்பிவிட்டால்?

தட்டின சத்தம்

நத்தார்ப் பூசைக்குக் கொடியைப் போட்டுக்கொண்டு போனேன். கோயிலால் நடந்து வரும்போது இவர் கேட்டார்: "வங்கியாலை எப்ப எடுத்தனீர்?"

இன்னொரு ஓம் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பிள்ளைகளை முன்னால் போகவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். இவர் நடையைக் கூட்டினார். எங்கள் வாசல் படலை வந்த பிறகுதான் நின்றார்.

"அப்ப ஒரு வருசமாய் நான் திண்டதெல்லாம் தாலிப் பிட்டே?"

அந்தச் சிரிப்புக்கு மதிலில் இருந்த காகம் எழும்பிப் பறந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தை பிறக்க நானும் வங்கிக்கு வாறன். படிவம் எனக்கும் விளங்காது. ரெண்டு பேருமாய்ச் சேர்ந்து முழிப்பம்."

பின்னேரம் நாலு மணி இருக்கும். பாலன் குடிலுக்கு முன்னால் பிள்ளைகள் இருந்து கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவில் ஒரு தட்டல். நான் எழும்பி வந்து திறந்தேன். ஒருவரும் இல்லை. படியில் பேணி.

குனிந்து தூக்கினேன். கனமாக இருந்தது. அந்தக் கனம்தான் எனக்குப் பயமாக இருந்தது. மா அப்படியே திரும்பி வந்துவிட்டதோ?

"எங்கடை பேணி!" என்று கத்தினாள் பிளசி. முகம் வாடிவிட்டது. "ஏனம்மா, அவைக்குப் பிடிக்கேல்லையோ?"

"எங்கடை இல்லை," என்றாள் ஜெசிந்தா. "குடுத்தாச்செல்லே? இப்ப அது அவையின்ரை பேணி."

அப்போதுதான் மூடியைப் பார்த்தேன். குதிரைகளின் மேல், கலண்டரில் வெட்டின நட்சத்திரம் ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. ஒரு மூலையில் பாதித் திகதி தெரிந்தது. மூடியைக் கழற்றினேன். வறுத்த மாவும் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்ந்த வாசம். பேணி நிறைய அரிசிமா உருண்டைகள். இன்னும் சூடு ஆறவில்லை. சிலதில் பெரிய கையின் பிடி இருந்தது. சிலது நெல்லிக்காய் அளவில், சின்னக் கைகள் பிடித்தது.

நான் யன்னலடிக்கு ஓடித் திரைச்சீலையை விலக்கப் போனேன். பிளசி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பாக்கக்கூடாதம்மா! அவை ஓடி முடியட்டும்."

சேற்றுத் தண்ணீரில் சின்னக் கால்கள் சளக் சளக்கென்று ஓடுகிற சத்தம் கேட்டது. அது ஒழுங்கை திரும்பி மறையும்வரை, ஆளுக்கொரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் நாலு பேரும் சத்தம் போடாமல் நின்றோம். இவரும்கூட.